குலுக்கிப் போட்ட சாப்பாடு

ஆண்டனிராஜ் வளர்த்த 'பிரியாணி நகர்' கண் மூடித் திறப்பதற்குள் செத்துப்போனது. வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த ஐரின் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று கம்ப்யூட்டர் வகுப்பு. சார்லஸ் சார் ஒரு புரோகிராம் தந்திருந்தார். திரை முழுக்கக் கட்டங்கள். பச்சைப் புள்ளி என்றால் ஒரு செல். மஞ்சள் புள்ளி அதன் சாப்பாடு. வயிறு நிறைந்தால் செல் இரண்டாகப் பிரியும். பட்டினி கிடந்தால் சாம்பல் நிறமாகிச் செத்துவிடும். முதலில் செல்களை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் நம் வேலை. அப்புறம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆண்டனிராஜ் தன் பிரியாணி நகரில் இடமே விடாமல் செல்களை அடைத்திருந்தான். இருந்ததையெல்லாம் தின்றுவிட்டு அவை மொத்தமாகப் போய்ச் சேர்ந்தன. நிஜ உயிர் இல்லைதான். ஆனாலும் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

ஐரின் அப்படி அவசரப்படவில்லை. இடம் விட்டு இடம் விட்டு வைத்தாள். அந்தக் கூட்டத்துக்கு அல்போன்சா என்று பெயர் கொடுத்தாள். அது அவள் அம்மாவின் பெயர். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

அல்போன்சா கூட்டம் நன்றாகத்தான் வளர்ந்தது. திடீரென்று சாப்பாடெல்லாம் தூரத்து மூலையில் போய் விழ ஆரம்பித்தது. பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. கடைசிப் புள்ளியும் போனது. ஐரின் திரையை அணைத்தாள்.

சாப்பாட்டு பெல் அடித்ததும் அவளுடைய லிடியா சித்தி போனோடு பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். அம்மா பேச ஆசைப்படுகிறாராம். ஐரின் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் லேபுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. பெற்ற தாயிடம் பேசுவதற்கு இவளுக்கு என்ன வீம்பு? கேட்டுவிடுவது என்று போனேன்.

"அம்மா பொழைக்க மாட்டாங்க, ஃபாயிஸா" என்றாள். "நான் பாத்துட்டேன்."

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மனசு குழம்பினால் அந்தோணியார் படத்துக்கு முன்னால் சீட்டு எழுதிப் போட்டு எடுப்பார்கள். இந்தத் தடவை சீட்டுப் போட அவள் அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இவளே மனசுக்குள் ஒன்று நினைத்துக்கொண்டாளாம். பெல் அடிக்கும்வரை அந்தக் கூட்டம் உயிரோடு இருந்தால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார்.

"இப்பப் பேசுனா அதுதான் கடைசிப் பேச்சு. பேசலேன்னா அம்மா எனக்காகக் காத்திருப்பாங்கள்ல?"

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் காலையிலிருந்து எல்லாரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருவர் சொன்னதையும் நம்பவில்லை.

கையைப் பிடித்து லேபுக்குள் இழுத்துப்போனேன். அவள் வைத்த அதே கட்டங்களில் அதே செல்களை வைத்து ஓட விட்டேன். செத்துப்போயின. 'அடிப் பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய்' என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் விடாமல் மறுபடி ஓட விட்டேன். இந்த முறை பாதித் திரை பச்சையானது. அடுத்த முறை மறுபடி சாம்பல். அதற்கடுத்த முறை ஓர் ஓரத்தில் கொஞ்சம் பிழைத்துக் கிடந்தது.

"எல்லாத் தடவையும் நீ வச்ச எடம் அதேதான். சாப்பாட்டக் கம்ப்யூட்டர் இஷ்டத்துக்குக் குலுக்கிப் போடுது. அதுக்கு உங்கம்மா யாருன்னே தெரியாதுடி."

ஐரின் திரையையே பார்த்தாள். "அப்போ அம்மா பொழைச்சுருவாங்களா?"

ஒரு பொய் நாக்கு வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியல" என்றேன். "ஆனா இப்ப அவங்க போனுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. அது தெரியும்."

அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். சித்தியின் கண்கள் சிவந்திருந்தன. நம்பரைப் போட்டுக் கொடுத்தார். ஐரின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "சாப்டியாம்மா?" என்றாள்.

அங்கிருந்து என்ன பதில் வந்ததோ, அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் பேச்சு ஓயவே இல்லை. வகுப்புக்கான பெல் அடித்தது. சித்தி போனைக் கேட்கவில்லை. நானும் அவளைக் கூப்பிடவில்லை.