முத்திரைக்கு ஒரு நீட்டல்

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் துருவி என்றே பேர் வந்துவிட்டது. வீட்டில் வைத்த பேர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அப்பா கூடத் துருவி என்றுதான் கூப்பிட்டார். அவளும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சனிக்கிழமை அவள் நூலகத்திலிருந்து விண்மீன்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். அறுபத்து நான்காம் பக்கத்தைத் திருப்பியபோது, நான்காக மடித்த தாள் ஒன்று மடியில் விழுந்தது.

தாளில் ஒரு நாற்காலிப் படம். அதில் உட்கார்ந்த குச்சி மனிதர் ஒரு காலை மட்டும் நேராக நீட்டியிருந்தார். கீழே பேனாவால் எழுதியிருந்தது: ‘வலது முட்டி. காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்தவும். ஒரு வேளைக்குப் பத்து தடவை, மூன்று வேளையும். பிறகு வெந்நீர்ப் பை. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். இதுதான் மருந்து.’

துருவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்து என்றால் கசக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசியாவது குத்த வேண்டும். காலை நீட்டுவது எப்படி மருந்தாகும்?

சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து அவளும் செய்து பார்த்தாள். முதல் இரண்டு தடவை சுலபமாக இருந்தது. ஐந்தாவது தடவையில் தொடை வெடவெடவென்று நடுங்கியது. முட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. வலி முட்டிக்கு, வேலை தொடைக்கா? இது என்ன நியாயம் என்று அவள் மண்டையைக் குடைந்துகொண்டாள்.

அதைவிடப் பெரிய கேள்வி, தாள் யாருடையது என்பது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவளுக்குக் குத்தியதற்கு முந்தைய முத்திரை மூன்று வருடம் பழையது. தாளோ புத்தம் புதியது. அப்படியானால் அதை வைத்தவர் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவே இல்லை. நூலகத்திலேயே உட்கார்ந்து படிப்பவர்தான் வைத்திருக்க வேண்டும்.

நூலகத்திலேயே இருப்பவர் ஒரே ஒருவர்தான். பிள்ளைகள் அவரை லைப்ரரியம்மா என்பார்கள்.

நூலகம் தபால் நிலையத்துக்கு மேலே மாடியில் இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு படிகள். லைப்ரரியம்மா தினமும் பதினோராவது படியில் நின்று, சுவரிலிருந்த அறிவிப்புப் பலகையை ரொம்ப நேரம் படிப்பார். அந்தப் பலகையில் ஒரு வருடமாக அதே தாள்தான் இருந்தது. அதில் அப்படி என்ன சுவாரசியம் என்று துருவி பல நாள் யோசித்திருக்கிறாள். இப்போது புரிந்துவிட்டது. படிக்கும்போதெல்லாம் அவர் கை வலது முட்டியைப் பிடித்திருக்கும்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் தாளை அவரிடம் நீட்டினாள். “இது உங்களோடதா?”

லைப்ரரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “எங்க இருந்துச்சு?”

“அறுபத்து நாலாம் பக்கத்துல.”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. பக்கத்தின் மூலையை மடிக்கும் பிள்ளைகளை அவர் லேசில் விடமாட்டார். தானும் மடிக்கமாட்டார். கையில் கிடைக்கும் தாளை அடையாளத்துக்கு வைத்துவிடுவார். அன்றைக்குக் கையில் கிடைத்தது பிசியோதெரபி டாக்டர் எழுதிக் கொடுத்த தாள். எட்டாயிரம் புத்தகங்களில் எதற்குள் போனது என்று தெரியவில்லை. புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பாடம் எடுப்பவர், தான் தாளைத் தொலைத்துவிட்டதாக டாக்டரிடம் போய்ச் சொல்வாரா? வெட்கப்பட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளையும் எடுத்துக் காட்டினார். அது மேலதிகாரியின் கடிதம். எட்டு வாரம் கழித்து அவர் நேரில் வருவார். படி ஏற முடியாவிட்டால் லைப்ரரியம்மாவைத் தலைமை அலுவலகத்தின் கோப்பு அறைக்கு மாற்றிவிடுவார்.

“அங்க பிள்ளைங்க வருவாங்களா?” என்று துருவி கேட்டாள்.

“கரப்பான்பூச்சிதான் வரும்” என்றார் லைப்ரரியம்மா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஆனாலும் துருவியால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வலி முட்டியில் இருக்கும்போது தொடைக்கு எதற்கு வேலை?

“எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். எனக்கு அது தேஞ்சு போச்சு. தேஞ்சது திரும்ப வளராதாம். ஆனா தொடை பலமாச்சுன்னா பாரத்தை அது தாங்கிக்கும், முட்டிக்குச் சுமை குறையும்னு டாக்டர் சொன்னாரு.”

துருவிக்கு அது பிடித்திருந்தது. கனமான பையை இரண்டு பேர் பிடித்துத் தூக்குவதைப் போலத்தானே?

அன்றே பயிற்சி தொடங்கியது. அன்றே தடுமாறவும் செய்தது. லைப்ரரியம்மா காலை நீட்டுவார், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். நாலு வருவதற்குள் கண் பக்கத்திலிருக்கும் புத்தகத்துக்குப் போய்விடும். கால் தானாக இறங்கிவிடும். நான்கு நாள் பார்த்தும் ஒரு தடவை கூடப் பத்து வரவில்லை.

இவரை எண்ணவிட்டால் ஆகாது என்று துருவிக்குத் தெரிந்துவிட்டது. இவர் எதைத்தான் மறக்கமாட்டார்? புத்தகத்தில் முத்திரை குத்த மறக்கமாட்டார்.

ஐந்தாம் நாள் அவள் வரிசையில் நின்றவர்களிடம் புது விதியைச் சொன்னாள். புத்தகம் எடுக்க வருபவர் முன்னால் லைப்ரரியம்மா காலை நீட்டுவார். வந்தவர் பத்து எண்ணிய பிறகுதான் முத்திரை விழும்.

முதல் நாளே கூச்சல் தாங்கவில்லை. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழேயே பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று கத்தினார்கள். அவசரம் என்று பட்டப்பேர் வாங்கிய பையன் ஒரே மூச்சில் பத்தையும் எண்ணி முடித்தான். உடனே விதி மாறியது. வாயைத் திறக்கக் கூடாது, விரலை ஒவ்வொன்றாக நிதானமாக நீட்ட வேண்டும். அதன் பிறகு நூலகத்தில் சத்தமே இல்லை, விரல்கள் மட்டும் எழுந்தன.

ஒரு நாள் மழை கொட்டியது. துருவியைத் தவிர யாரும் வரவில்லை. அவள் விண்மீன் புத்தகத்தை எடுத்தாள், திருப்பிக் கொடுத்தாள், மறுபடி எடுத்தாள். இப்படிப் பத்து தடவை.

மூன்றாவது வாரம் லைப்ரரியம்மா சலித்துப் போனார். “வலி அப்படியேதான் இருக்கு, துருவி. விட்டுடலாமா?”

“நேத்து எந்தப் படியில நின்னீங்க?”

“அதை யாரு பார்த்தா?”

“நான் பார்த்தேன். பதினஞ்சாவது. அங்க பலகையே கிடையாது. வெறும் சுவத்தைப் படிச்சுக்கிட்டு நின்னீங்க.”

லைப்ரரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் காலை நீட்டினார்.

எட்டாவது வாரம் மேலதிகாரி வந்தார். பிள்ளைகள் மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்கள். லைப்ரரியம்மா கைப்பிடியைப் பிடித்து, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி வலியில்லாத காலை முதலில் வைத்து ஏறினார். பலகையைத் தாண்டினார். பதினைந்தைத் தாண்டினார். பதினெட்டில் முகம் லேசாகச் சுளித்தது. துருவி நகத்தைக் கடித்தாள். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு லைப்ரரியம்மா மீதி நான்கையும் ஏறிவிட்டார்.

பின்னால் வந்த மேலதிகாரியைத்தான் காணவில்லை. அவர் பதினோராவது படியில் நின்று, அறிவிப்புப் பலகையை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார். அவர் கை இடது முட்டியில் இருந்தது.

ஒருவழியாக மேலே வந்து உட்கார்ந்ததும் பதிவேட்டைப் புரட்டினார். புருவம் உயர்ந்தது. “ஒரே பொண்ணு, ஒரே புத்தகம், ஒரே நாள்ல பத்து தடவையா?”

துருவி தாள் கிடைத்ததிலிருந்து மழை நாள் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடைசியில் மேலதிகாரி தன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, ‘மாற்றம் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவசரம் விதியை மறந்து கத்திவிட்டான், அன்றைக்கு அவனை யாரும் அடக்கவில்லை.

மேலதிகாரி எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “எனக்கும் அந்தத் தாள் ஒண்ணு கிடைக்குமா?” என்று கேட்டார்.

“உங்க முட்டியை டாக்டர் பார்க்கணும், சார். பார்த்துட்டு அவரே எழுதித் தருவாரு” என்றார் லைப்ரரியம்மா. பிறகு துருவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “ஆனா ஒண்ணு. அதைப் புத்தகத்துக்குள்ள மட்டும் வெச்சிடாதீங்க.”