நாலு சங்கிலி தப்பு!

பிணத்தைப் பார்த்ததும் அவள் அலறவில்லை.

விசில் அடித்தாள்!

ஒரே ஊதல். நீளமாக... மூச்சு தீரும்வரை... எதிர் மாடியில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் கன்னத்தைக் கீறிக்கொண்டார். தெருவில் போன சைக்கிள்கள் பிரேக் போட்டன.

அவள் பி.டி. டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கால்பந்துக்கு ரெஃப்ரி. ஆபத்து என்றால் அவளுக்குத் தொண்டையை முந்திக்கொண்டு விசில்தான் வரும். கழுத்தில் ஒரு நைலான் கயிற்றில் எப்போதும் தொங்கும்.

மாமனார் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். வலது கையில் இரண்டு வாரத்து மாவுக்கட்டு. பக்கத்தில் ஒரு ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், ஏதோ ஒரு நீராவி எஞ்சினிலிருந்து கழற்றி வந்த கனமான பித்தளை விசில்.

அதன் விளிம்பில்... சிவப்பு!

"மாமா..."

மாமா அசையவில்லை. கணவன் செத்த மூன்று வருஷமாக அவளுக்குச் சொந்தம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஒரு மனுஷர்தான். உட்கார்ந்து அழுதாள். நன்றாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போலீசுக்குப் போன் போட்டாள்.

காலை மணி பத்து ஐந்து.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து சுற்றுமுற்றும் பார்த்தார். நான்கு சுவரிலும் கண்ணாடி அலமாரி. அலமாரி முழுக்க விசில். ஒவ்வொரு விசிலோடும் ஒரு சங்கிலி.

"இது வீடாம்மா, ரயில்வே ஸ்டேஷனா?"

"ரெண்டும்தான் சார். மாமா ரிட்டயர்டு ரயில்வே கார்டு. முன்னூத்திப் பன்னிரண்டு விசில். எல்லாம் பழசு. நாப்பது வருஷமா சேத்தது."

"விசில் சரி... சங்கிலி எதுக்கு?"

"சங்கிலி இல்லாட்டி அது பாதி விசில்தான்னு சொல்வாரு. எந்தச் சங்கிலியோட பொறந்துச்சோ அந்தச் சங்கிலியோடதான் இருக்கணும். மாத்தி மாட்டினா மனுஷன் சாப்பிடமாட்டாரு."

இன்ஸ்பெக்டர் ஸ்டூலைப் பார்த்தார். பித்தளை விசிலைப் பார்த்தார். வாட்சையும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே!

"ஸ்டூல்ல ஏறியிருக்காரு... சறுக்கியிருக்காரு... விழுந்த இடத்துல இந்தப் பித்தளை. விபத்துதாம்மா."

"மாவுக்கட்டு போட்டவர் எதுக்கு சார் ஸ்டூல்ல ஏறணும்? பின்னால விழுந்து அடிபட்டவர் எப்படிக் குப்புறக் கிடப்பாரு?"

இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார்.

"டீச்சர்... கதவு உடையல. சாவி உங்ககிட்டயும் அவர்கிட்டயும்தான். விபத்துன்னு எழுதினா உங்களுக்கும் நல்லது. கொலைன்னு எழுதினா முதல் பேரு உங்களுதுதான்!"

"எழுதுங்க!"

"என்னது?"

"முதல் பேரா என் பேரையே எழுதுங்க சார். ஆனா கொலைன்னு எழுதுங்க!"

வாசலில் ஆட்டோ சத்தம். அழுதுகொண்டே ஓடிவந்தாள் நாத்தனார். மாமனாரின் ஒரே மகள். அப்பாவின் காலைப் பிடித்துக் கதறினாள். கதறி முடித்ததும் எழுந்தாள்... நேராக அண்ணியைப் பார்த்தாள்.

"இவதான் சார்! நேத்து சாயங்காலம் போன்ல அப்பாகிட்ட பேசிட்டிருந்தேன். பின்னால இவ கத்துறா... 'இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உங்க விசில் இருக்கணும்'னு!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"கத்தினீங்களா?"

"கத்தினேன்."

"எதுக்கு?"

"மூணாவது டிராயரைத் துடைச்சு வெச்சேன். நாலு சங்கிலியை மாத்தி மாட்டிட்டேனாம். ஒரு மணி நேரம் திட்டினாரு. நானும் திருப்பித் திட்டினேன். அப்புறம் ரெண்டு பேரும் காபி குடிச்சோம்."

"அதோட விட்டாளா?" நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "போன மாசம் அப்பா உயில் எழுதினாரு சார். எல்லா விசிலும் மருமகளுக்காம்! பெத்த பொண்ணு எனக்கு ஒண்ணுகூட இல்ல!"

"உனக்கு எதுக்குடி விசில்? உனக்குத் தெரிஞ்ச ஒரே விசில் குக்கர் விசில்தானே?"

"பாருங்க சார், பேச்சைப் பாருங்க!"

பெண் கான்ஸ்டபிள் அலமாரியின் நடுவிலிருந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்து வந்தாள். திறந்தாள்.

காலி!

"ஐயோ! கேப்டன் விசில்!" நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். "வெள்ளி விசில் சார்! எவனோ ஒரு கப்பல் கேப்டனோடது. அப்பாவோட உயிரே அதுதான்! சங்கிலியோட காணோமே!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மாட்டினார். கணக்கு அவருக்குச் சுலபமாகிவிட்டது. உயில், சண்டை, சாவி, திருட்டு. உடலைப் பார்த்த டாக்டர் சொன்ன நேரம் ஒன்பதரையிலிருந்து பத்துக்குள்.

"மேட்ச் எப்ப முடிஞ்சுது?"

"ஒன்பதே முக்கால்."

"கிரவுண்டு?"

"அடுத்த தெரு."

"கிளம்புங்க டீச்சர்."

கைவிலங்கு 'கிளிங்' என்றது. அவள் கையை நீட்டவில்லை.

"வர்றேன் சார். ஓடமாட்டேன். ஆனா அந்த மூணாவது டிராயரை ஒரு தடவை திறங்க."

கான்ஸ்டபிள் திறந்தாள். பச்சை வெல்வெட்டில் பன்னிரண்டு போலீஸ் விசில். பார்க்க எல்லாம் ஒரே அச்சு. பன்னிரண்டு சங்கிலிகள். அவையும் ஒரே அச்சு... கண்ணிகளைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தால் மட்டும் முறுக்கு வேறு.

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் போனை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

ஒரு போட்டோ. அதே இழுப்பறை. காலை ஒன்பது இருபதுக்கு மாமனார் அனுப்பியது. கீழே இடது கையால் தட்டிய நாலு வரி.

'நாலு சங்கிலி தப்பு. எதெதுன்னு சொல்லமாட்டேன். வந்து நீயே கண்டுபிடி. மஞ்சள் அட்டை!'

அதைப் படித்தபோது அவளுக்கு மறுபடி கண் நிறைந்தது.

"போட்டோவையும் டிராயரையும் வெச்சுப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். ஒன்று... இரண்டு... மூன்று...

"நாலு சங்கிலி மாறியிருக்கு!"

"ஒன்பது இருபதுக்குத் தப்பா இருந்தது இப்ப சரியா இருக்கு. யாரு சார் மாத்தினது?"

"உங்க மாமனாரே மாத்தியிருப்பாரு."

"ஒரு கையாலயா? விசிலோட சங்கிலியைச் சேக்கிற இந்த வளையத்தை ஒரு கையால திறந்து காட்டுங்க."

இன்ஸ்பெக்டர் இடது கையால் முயன்றார். வளையம் குண்டுமணி அளவு. முறுக்கேறிய கம்பி. அரை நிமிஷத்தில் நகம் பிய்ந்தது.

"ஸ்ஸ்ஸ்! அப்ப... நீங்க மாத்தியிருக்கீங்க!"

"எதெது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நேத்து சண்டையே வந்திருக்காதே சார்! அதோட..." பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். நகம் என்று ஒன்றே இல்லை. "மேட்ச் டென்ஷன். கடிச்சே தீத்துட்டேன். கத்தி முனையால நெம்பித்தான் மாட்டுவேன், நாலு மாட்ட ஒரு மணி நேரமாகும். மாமா அதுக்கும் திட்டுவாரு."

"அப்ப என்ன சொல்றீங்க? ஒருத்தன் கொலை பண்ணிட்டு, உக்காந்து நிதானமா சங்கிலி மாத்திட்டுப் போனானா? எந்தப் பைத்தியம்மா அப்படிப் பண்ணும்?"

"விசில் பைத்தியம் சார்! இந்த ஊர்ல அது ரெண்டே பேரு. ஒருத்தர் இங்க கிடக்காரு."

"இன்னொருத்தர்?"

"பல் டாக்டர். மாமாவோட இருபது வருஷ சிநேகிதர். அவரும் சேக்கிறவர். கையுறை போட்டுக்கிட்டுத்தான் விசிலையே தொடுவாரு. இன்னிக்கு வந்தாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர் பெல் அடிச்சா மாமாவே போய்க் கதவைத் திறப்பாரு."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். கைரேகை எடுத்தவர், பித்தளை விசிலில் ஒரு ரேகைகூட இல்லை என்று சொன்னது ஞாபகம் வந்தது.

"சரி... போட்டோ ஒண்ணை வெச்சு ஒரு டாக்டரை உள்ள தள்ள முடியாதும்மா."

"பத்து நிமிஷம் குடுங்க. முடியலன்னா நானே விலங்கை மாட்டிக்கிறேன்!"

பகல் பன்னிரண்டு மணி.

உடலை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பிய பல் டாக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைக்குட்டை, கலங்கிய கண்.

"என்ன அநியாயம்! காலைலேர்ந்து கிளினிக்லயே இருந்துட்டேன். வந்திருந்தா காப்பாத்தியிருப்பேனே!"

"உக்காருங்க டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "சேகரிப்புல வேற என்ன குறையுதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். இவங்களும் கூட இருக்கட்டும். ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

நாத்தனாரையும் டாக்டரையும் அறையில் விட்டுவிட்டு வெளியே வந்தார். மூன்றாவது இழுப்பறை மேஜைமேல் இருந்தது. கான்ஸ்டபிள் முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கத்தி முனையால் நெம்பி, ஐந்து சங்கிலிகளை வேண்டுமென்றே மாற்றி மாட்டி வைத்திருந்தாள்.

சமையலறையில் அவள், இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள் மூன்று பேரும் நின்றார்கள். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். எட்டு நிமிஷம்...

அவள் இல்லாத நகத்தைக் கடித்தாள். தப்புக் கணக்கென்றால் இன்றைக்கே ஜெயில். மாமாவைக் கொன்றவன் வெளியே... அது ஜெயிலைவிட மோசம்!

பத்து!

கதவைத் திறந்தார்கள். நாத்தனார் ஜன்னலோரம் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நேராக இழுப்பறைக்குப் போய்ப் போட்டோவோடு ஒத்துப் பார்த்தார்.

பன்னிரண்டும் சரி!

"யாரு இதைத் தொட்டது?"

"நான் இல்ல!" நாத்தனார் பதறினாள். "இவர்தான் சார்! வந்ததுலேர்ந்து இதையே நோண்டிக்கிட்டு இருக்காரு. பல் குத்துற கம்பி மாதிரி ஒண்ணை எடுத்து வளையம் வளையமா கழட்டிக்கிட்டு... செத்த வீட்டுல என்ன பொழப்போன்னு பாத்தேன்!"

டாக்டரின் முகம் அவர் சட்டையைவிட வெளுத்தது.

"அது... தப்பா இருந்துச்சு... கை தானா..."

"காலையிலயும் கை தானா போச்சா டாக்டர்?" என்றாள் அவள்.

"காலைல நான் வரவே..."

"கான்ஸ்டபிள்! சாரோட பையைப் பாரு!"

டாக்டர் பின்வாங்கினார். பின்னால் அலமாரி. கான்ஸ்டபிள் அவர் உள்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டை மூட்டையை உருவினாள். பிரித்தாள்.

வெள்ளி விசில். வெள்ளிச் சங்கிலி!

"கிளினிக்ல வெச்சுட்டு வந்திருக்கலாமே டாக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர் உண்மையான வருத்தத்தோடு.

"எப்படி வெச்சுட்டு வருவேன்?" டாக்டர் வெடித்தார். "அது கேப்டனோட விசில்! நர்சு கை பட்டா? இவளுக்கு எழுதிட்டேன்னு சொன்னான் சார் அவன்! விசிலை வாயில வெச்சு ஊதுறவளுக்கு! எச்சில்! இருபத்தஞ்சு வருஷமா ஊரார் வாயைப் பாக்குறவன் நான்... எச்சில் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்! கெஞ்சினேன். சிரிச்சான். 'விசில்னா ஊதத்தான்டா'ன்னு சொல்லிட்டு முதுகைக் காட்டித் திரும்பினான்..."

"அடிச்சீங்க."

"அடிச்சேன்."

"அப்புறம் ஸ்டூலைக் கவுத்துட்டு... சங்கிலியை மாத்தினீங்களா?"

"அப்படியே விட்டுட்டு வர மனசு கேக்கல சார்..."

நாத்தனார் எழுந்து வந்தாள். பளாரென்று ஒரு அறை! இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் ஜன்னலை ரசித்துக்கொண்டிருந்தார்.

அவள் டாக்டரின் எதிரே வந்து நின்றாள்.

"டாக்டர், அந்த விசிலை ஒரு தடவையாவது ஊதிப் பாத்தீங்களா?"

"சீ!"

"சார், நீங்க ஊதுங்களேன்."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். கைக்குட்டையால் துடைத்தார். கன்னம் உப்ப ஊதினார்.

"புஸ்ஸ்ஸ்..."

வெறும் காற்று!

"சங்கிலி அசல்," என்றாள் அவள். "விசில் போலி! மாமா ஒரு தட்டான்கிட்ட சொல்லி, பெட்டி காலியா இருக்கக்கூடாதுன்னு செஞ்சு வெச்சது. எல்லா விசிலுக்கும் சங்கிலி சரியான்னு பாத்த நீங்க, இந்தச் சங்கிலிக்கு விசில் சரியான்னு பாக்கலியே!"

"பொய்! அப்ப அசல் எங்க?"

அவள் கழுத்து நைலான் கயிற்றை இழுத்தாள். கறுத்துப்போன விசில். சட்டை நுனியால் அடிப்பக்கத்தை அழுத்தித் தேய்த்தாள். கறுப்புக்குக் கீழே வெள்ளி. வெள்ளியில் ஒரு சின்ன நங்கூரம்!

டாக்டர் முனகினார். "அதையா... கிரவுண்டுல..."

"என் புருஷன் செத்த வருஷம். முதல் மேட்ச்சுக்குப் போக பயந்து உக்காந்திருந்தேன். மாமா இதைக் கழுத்துல போட்டாரு. 'பெட்டில தூங்குறதுக்கு இதை எவனும் செய்யல, போய் ஊது'ன்னாரு. மூணு வருஷமா ஊதுறேன். இனிமேலும் ஊதுவேன்!"

விலங்கு டாக்டர் கையில் ஏறியது.

"அண்ணி..." நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "நான் தப்பா..."

"அப்புறம் சண்டை போடலாம். இப்ப இங்க வா. உனக்கு நகம் இருக்கில்ல? ஸ்டேஷன்லேர்ந்து திரும்பி வந்ததும் இந்தச் சங்கிலியை நீதான் விசிலோட மாட்டணும். இந்த ஒரு ஜோடி எனக்குத் தப்பாது."

நாத்தனார் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

அவள் மாமா விழுந்த இடத்தைப் பார்த்தாள். விசிலை வாயில் வைத்தாள். ஊதினாள். அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் காதைப் பொத்தினார். "போதும்மா! அதான் கேஸ் முடிஞ்சுதே!"

"ஆட்டம் முடிஞ்சா மூணு தடவை ஊதணும் சார்... இன்னும் ரெண்டு இருக்கு!"