வைடெமன் வம்சத்தின் காது

இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் எவ்லின் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளை, நான் இஞ்சை நிக்கிறன்" என்றாள் பேர்பெச்சுவா. விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஆறு வயது. ஈஸ்டர் விடுமுறை. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், ஜெர்மனியின் ஹம் நகரில் தான் பராமரிக்கும் கிழவரின் வீட்டுக்கே மகளையும் கூட்டிவந்துகொண்டிருந்தாள். கிழவர் வைடெமனுக்கு அதில் சந்தோசம். பிள்ளைக்குச் சூடான கொக்கோ தயாராக இருக்கும். குடித்துவிட்டு அவள் முன்னறைச் சோபாவில் பின்னேரம் முழுக்கத் தூங்குவாள். மேல்மாடியில் படுக்கை விரித்து, துணி மடித்துவிட்டு பேர்பெச்சுவா இறங்கிவரும்போது, உருகிய மெழுகின் வாசமும் அதற்கடியில் காயத்துக்குப் போடும் மருந்தின் நெடியும் படிக்கட்டுவரை ஏறிவந்திருக்கும், கீழே எங்கோ ஊசி ஒன்று எதையோ சுரண்டிக்கொண்டே இருப்பதுபோல மெல்லிய சத்தம் கேட்கும், அவள் கதவைத் திறந்ததும் நின்றுவிடும்.

முன்னறை மேசையில் ஒரு பொறி இருந்தது. பித்தளைக் குழல், மெழுகு உருளை, ஊசி. கிழவரின் பாட்டனார் செய்தது.

"குரலைப் பிடித்துவைத்த முதல் மனிதர்களில் அவரும் ஒருவர்" என்பார் கிழவர். "ஊர் மறந்துவிட்டது. நாங்கள் மறக்கவில்லை. அத்தை, அப்பா, நான், எல்லோருக்கும் ஒரு காது கேட்காது."

பரம்பரை வியாதியாக்கும் என்று அவள் பரிதாபப்பட்டாள்.

மகளைக் கூட்டிப்போனபோது காது வைத்தியர் எவ்லினின் இடக்காதுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"எங்கே ஒப்பரேஷன் செய்தீர்கள்?"

"ஒப்பரேஷனா? ஒண்டும் செய்யேல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மனில் சொன்னாள்.

"செவிப்பறை இல்லை. யாரோ மிகச் சுத்தமாக எடுத்திருக்கிறார்கள்."

பிள்ளையைக் கணவன் றெக்ஸிடம் விட்டுவிட்டு அவள் கிழவரின் வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்தே இருந்தது. கிழவர் பொறியின் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

"குரல் மோதும் சவ்வுக்குப் பாட்டனார் தகரம் வைத்துப் பார்த்தார். கண்ணாடி, ஆட்டுத்தோல் எல்லாம் பார்த்தார். கிசுகிசுப்பு எதிலும் பிடிபடவில்லை. கடைசியில் தன் மூத்த மகளிடமிருந்து எடுத்தார். பிறகு அது கிழியும்போதெல்லாம் வீட்டில் இன்னொரு பிள்ளை. என்னுடையது இந்த மாரியில் கிழிந்துவிட்டது." கிழவர் சிரித்தார். "எனக்குப் பிள்ளை இல்லையே."

குழலின் அடியில் அது இருந்தது. சின்ன விரல் நகமளவு. ஈரமாக. இளஞ்சிவப்பாக.

துடித்துக்கொண்டிருந்தது.

அவருடைய கைத்தடியை எடுத்து ஓங்கினாள். கிழவர் தடுக்கவில்லை. நீட்டிய விரலின் நகத்தால் அந்தத் தோலை லேசாக வருடத் தொடங்கினார்.

அவளுடைய கைபேசி அடித்தது.

"பேர்பெச்சுவா!" றெக்ஸின் குரல். "பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துது. எனக்குப் பிடிக்க ஏலாமக் கிடக்கு. கெதியா வா!"

அவனுக்குப் பின்னால் எவ்லினின் அலறல்.

அதே அலறல், குழலுக்குள்ளிருந்தும்.

கிழவர் விரலை எடுத்தார். இரண்டு அலறலும் ஒன்றாக நின்றன.

"அது காயக்கூடாது" என்றார். "ஒவ்வொரு நாளும் எண்ணெய் தடவவேண்டும். என் கை நடுங்குகிறது. எடுத்த அன்றைக்கு இருந்த உறுதி இப்போது இல்லை." ஒட்டக மயிர்த் தூரிகை ஒன்றையும் வெதுவெதுப்பான எண்ணெய்க் கிண்ணத்தையும் அவள் பக்கம் தள்ளினார். "நீங்கள் தாய். பார்த்துச் செய்வீர்கள்."

கைத்தடியைக் கீழே வைத்தாள். முழங்காலிட்டாள். மூச்சை அடக்கினாள். மூச்சுப் பட்டாலும் அது சுருங்கியது.

தூரிகையை நனைத்தாள். நுனியைக் கிண்ண விளிம்பில் வழித்தாள்.

தொட்டாள்.

உருளை தானாகச் சுழன்றது. ஊசி மெழுகில் இறங்கியது. நகரத்தின் மறுகோடியில், தகப்பனின் மடியில் கிடந்த பிள்ளையின் குரல் குழலுக்குள்ளிருந்து வந்தது.

"அம்மா... மெல்ல."