அப்பா அளந்த வேகம்

சந்திரிகாவின் அப்பா சுப்பையாவுக்கு எதையும் அளந்தாக வேண்டும். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளைச் சோதிப்பது அவர் வேலை. ஒரு திருகாணி மயிரிழை கூடுதலாக இருந்தாலும் ஒதுக்கிப் போட்டுவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடாது. மின்தூக்கி பதினோராவது மாடிக்கு வர எத்தனை விநாடி, பாசாரில் வாங்கிய மீன் உண்மையில் எத்தனை கிராம் என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைப்பார்.

1998ஆம் ஆண்டு, ஆயர் ஈத்தாமில் இருந்த அவர்கள் வீட்டுக்கு இணையம் வந்தது. அக்கா கோமளா படிப்பதற்காக ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தாள். அவள் அனுப்பும் மின்னஞ்சல்களைப் படிக்கத்தான் இந்த ஏற்பாடு.

அப்போதெல்லாம் இணையம் சும்மா வந்துவிடாது. தொலைபேசிக் கம்பியை மோடம் என்ற சின்னப் பெட்டியில் செருக வேண்டும். அது கீச்சென்று கத்தும், கரகரக்கும், பிறகு ஒருவழியாக இணையத்தைப் பிடிக்கும். பிடித்திருக்கும் வரை வீட்டில் யாரும் தொலைபேசியில் பேச முடியாது. வெளியிலிருந்து யார் அழைத்தாலும் 'எங்கேஜ்' ஒலிதான் கேட்கும்.

மோடத்தை விற்றவர் கடைத்தெருவில் கணினிக் கடை வைத்திருந்த தவமணி அக்கா. அவரே வீட்டுக்கு வந்து பொருத்தினார். இணையம் கிடைத்ததும் மின்னஞ்சல் கடிதங்கள் தாமாகவே இறங்கும்படியும் செய்துவிட்டுப் போனார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இணைய வேகத்தை அளக்க ஒரு பக்கம் இருக்கிறது என்று தொழிற்சாலையில் யாரோ அப்பாவிடம் சொல்லும் வரை.

அதன் பிறகு கேட்க வேண்டுமா? தினமும் மாலை ஏழரை மணிக்கு அப்பா கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மோடப் பெட்டியின் மேல் 33 என்று அச்சிட்டிருந்தது. அப்பா அளந்தால் 14 வரும். முகத்தைச் சுளித்துக்கொண்டு இணைப்பை வெட்டுவார். மறுபடி இணைத்து அளப்பார். 12 வரும். வெட்டுவார். மறுபடி 15. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இப்படியே செய்து மணி எட்டரை ஆகிவிடும்.

அப்பா அளக்கத் தொடங்கிய அந்தப் பத்து நாட்களாக அக்காவிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. கடைசியாக வந்த கடிதத்தில் காய்ச்சல் என்றும், மறுநாள் டாக்டரிடம் போகப்போவதாகவும் எழுதியிருந்தாள். அதோடு சரி. அம்மா இரண்டு முறை விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தவர்கள் கோமளா அறையில் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். டாக்டரிடம் போயிருக்கிறாளா, மருத்துவமனையிலேயே படுத்திருக்கிறாளா என்று நினைத்து நினைத்து அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்பா எல்லாப் பழியையும் மோடத்தின் மேல் போட்டார். இத்தனை மெதுவாகப் போனால் கடிதம் எப்படி வரும் என்று கேட்டார். தவமணி அக்காவுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு புகார்க் கடிதமும் எழுதி வைத்தார். "சனிக்கிழமை மோடத்தத் திருப்பிக் குடுத்துட்டு, இன்டர்நெட்டையும் நிப்பாட்டிடலாம்லா. இனிமே கோமளா தபால்லயே எழுதட்டும்" என்றார்.

தபால் வந்து சேரப் பத்து நாள் ஆகும். இன்னும் பத்து நாள் அம்மா எப்படித் தாங்குவார்? சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று சந்திரிகா விரல்விட்டு எண்ணினாள்.

வியாழக்கிழமை மாலை அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் சோப்பு நுரை. திடீரென்று குழாயில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது.

"அம்மா, குசினிக் குழாய மூடுங்க" என்று கத்தினாள்.

அம்மா சமையலறைக் குழாயை மூடியதும் தண்ணீர் பழையபடி கொட்டியது. கண்ணில் சோப்பு எரிய, சந்திரிகா அப்படியே நின்று யோசித்தாள். குளியலறைக் குழாயில் ஒரு கோளாறும் இல்லை. அதே நேரத்தில் இன்னொரு குழாயும் திறந்திருந்தது, அவ்வளவுதான். இணையத்திலும் அப்படி ஏதாவது திறந்திருக்குமோ?

ஈரத் தலையோடு கூடத்துக்கு ஓடினாள். அப்பா அப்போதுதான் இணையத்தில் இணைந்திருந்தார். வேகம் அளக்கும் பக்கத்தை இன்னும் திறக்கவில்லை. ஆனால் மோடத்தின் சின்னச் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"அப்பா, நீங்க இன்னும் அளக்கவே ஆரம்பிக்கல. அப்புறம் ஏன் வெளக்கு மின்னுது?"

அது சும்மா மின்னும் என்றார் அப்பா. சந்திரிகா விடவில்லை. தொழிற்சாலையில் தராசில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கும்போது அதன் மேலேயே இன்னொன்றை வைத்து நிறுப்பீர்களா என்று கேட்டாள்.

அப்பாவின் கை நின்றது. "அதெப்படி? மொதல்ல தராசு காலியா இருக்கணும்" என்றார்.

"அப்ப இதுவும் காலியா இருக்கான்னு பாப்போம்பா."

அவள் நாற்காலியில் பாதி இடம் பிடித்துக்கொண்டு, திரையில் இருந்ததை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பின்னால் கடிதங்கள் இறங்குவதைக் காட்டும் சின்னக் கட்டம் ஒளிந்திருந்தது. நான்கு கடிதங்களில் முதலாவது வந்துகொண்டிருப்பதாக அது காட்டியது. முதல் கடிதத்தோடு பெரிய புகைப்படம் ஒன்றும் இருந்தது. அதனால்தான் அது ஆமை வேகத்தில் ஊர்ந்தது. மற்ற மூன்றும் அதன் பின்னால் வரிசையில் காத்திருந்தன.

"நாலு லெட்டரா?" அம்மா அகப்பையோடு ஓடி வந்தார்.

அதற்குள் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அப்பாவின் கை பழக்க தோஷத்தில் இணைப்பை வெட்டப் போனது. சந்திரிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்கப்பா. தெனமும் பாதியிலேயே நாம வெட்டிட்டோம். அது தெனமும் மொதல்லேருந்து ஆரம்பிக்குது."

'நீங்க' என்று சொல்லாமல் 'நாம' என்று சொன்னாளே, அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதல். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூவரும் எதையும் தொடாமல் காத்திருந்தார்கள். அப்பாவுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை அவர் காலாட்டியதிலேயே தெரிந்தது. பதினைந்து நிமிடம் கழித்து முதல் கடிதம் முழுதாக வந்து விழுந்தது. பின்னாலேயே மற்ற மூன்றும் மளமளவென்று இறங்கின.

புகைப்படத்தில் கோமளா ஓர் ஆற்றங்கரையில் நின்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இரண்டே நாளில் விட்டுவிட்டதாம். தான் நன்றாக இருப்பதைக் காட்டத்தான் படம் அனுப்பினாளாம். அம்மா திரையில் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்தது.

கடைசிக் கடிதத்தைச் சந்திரிகா உரக்கப் படித்தாள். "நாலு நாளா ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு ஃபோன் பண்றேன். எப்பவும் எங்கேஜ். அந்த நேரத்துல அப்படி யாருதான் பேசறீங்க?"

அம்மா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சிவப்பு விளக்கு இப்போது மின்னாமல் இருந்தது. அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து அளந்தார். 31 என்று வந்தது.

"மோடம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா அளந்துட்டேன்மா" என்றார். புகார்க் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டார். பிறகு, எதற்கும் இன்னொரு முறை அளந்துவிடலாம் என்று நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"போதுங்க. லைன விடுங்க, அவ கூப்பிடுற நேரம்" என்றார் அம்மா.

அப்பா இணைப்பை வெட்டினார். மணி எட்டாக இரண்டு நிமிடம் இருந்தது. மூவரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எட்டேகால் ஆயிற்று. இன்றைக்குக் கூப்பிட மாட்டாளோ என்று அம்மா சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்தது. இரண்டாவது முறை அடிப்பதற்குள் அம்மா எடுத்துவிட்டார்.

"கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்று அக்கா கத்தியது எதிரில் உட்கார்ந்திருந்த சந்திரிகாவுக்கே கேட்டது.

அன்றைக்கு அம்மா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்.