பவளவல்லியை எழுப்பும் பாட்டு

சேவூரில் அந்தப் பழைய பட்டு வியாபாரி வீட்டுக் கூடத்துக்குத் திலகவதி ஒரு வேன் நிறைய சாமான்களோடு வந்து இறங்கினாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அங்கே ஆடிய 'பவளவல்லி' நாட்டிய நாடகத்துக்கு அவள் உயிர் கொடுக்கப் போகிறாளாம். விடிய விடிய ஆடியதை எழுபது நிமிஷமாக நறுக்கியாயிற்று. சனிக்கிழமை சென்னையில் மேடையேற்றம். பவளவல்லி வேஷம் மகள் சூர்யகலாவுக்கு. வேஷத்தில் ஊறட்டும் என்று ஒரு மாதமாக மகளை யாரும் சொந்தப் பெயரில் கூப்பிடக் கூடாதென்று உத்தரவு வேறு.

பாட்டுக்காரர் தனகோடி பக்கத்துத் தெருவில் தறி வைத்திருப்பவர். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடைசில எழுப்புற பாட்டை எடுத்துட்டீங்களே மேடம். சாவுற வேஷம் கட்டினவங்களை சூடம் காட்டி, சொந்தப் பேர் சொல்லி எழுப்பணும். அத்த விட்டுட்டு இங்க யாரும் ஆட மாட்டாங்க."

"செத்தவ எழுந்து உட்கார்ந்தா சென்னையில சிரிப்பாங்க," என்றாள் திலகவதி.

மத்தியானம் ஒத்திகை. சூர்யகலா விஷம் குடித்து, சுழன்று, விழுந்தாள். விழும்போது வலது கால் மடங்க வேண்டும். மூன்று வருஷமாக வராத அடவு அன்றும் வரவில்லை. திலகவதிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

மத்தளம் நின்றது. தெருவில் விசைத்தறிச் சத்தமும் நின்றது.

சூர்யகலா எழுந்திருக்கவில்லை.

மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள் திலகவதி. மூச்சில்லை. கூடமெங்கும் வாடின தாழம்பூ வாசனை. தாழம்பூ யாரும் வைத்திருக்கவில்லை.

"பவளவல்லி." பயத்தில் வாய் பழகின பெயர்தான் வந்தது. "பவளவல்லி, எந்திரிடி."

எழுந்தாள்.

எழுந்தவள், விட்ட இடத்திலிருந்து சுழன்றாள். வலது கால் மடங்கியது. அந்த அடவு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது.

தனகோடி சூடத் தட்டோடு ஓடிவந்தார்.

"மேடம், இது உங்க பொண்ணு இல்ல. சூடம் அணையறதுக்குள்ள சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ஜல்தி."

மகளின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கால் மறுபடி மடங்கியது. அப்படி ஓர் ஆட்டத்தை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

"சனிக்கிழமை முடியட்டும்," என்று கிசுகிசுத்தாள்.

சூடம் அணையும்வரை ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

தனகோடி சென்னைக்கு வர மறுத்துவிட்டார். பதிவு செய்த பாட்டுக்கே ஆட்டம் நடந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. திரை விழுந்ததும் திலகவதி சூடத்தைக் கொளுத்தினாள்.

"சூர்யகலா."

மூன்று முறை கூப்பிட்டாள். எதிரே நின்றவள், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

செல்போன் அடித்தது. தனகோடி.

"மேடம், இப்ப உங்க பொண்ணைக் கூப்பிட்டீங்களா?" குரல் தணிந்திருந்தது. "பூட்டின கூடத்துக்குள்ள ஒரு பொண்ணு, 'வரேம்மா, இதோ வரேம்மா'ன்னு சொல்லிகினு கீது. தொறந்து பார்த்தேன், யாரும் இல்ல. இன்னமும் சொல்லிகினு கீது."