கருத்துத் தாளில் ஒரு சாபம்

பெங்களூரு பிரேசர் டவுனில் தாரணி குடியிருக்கும் அடுக்குமாடியின் அடித்தளத்தில் ஒரு நூலகம் உண்டு. நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஓர் அறை, நான்கு அலமாரி, எந்நேரமும் சிமிட்டும் ஒரு டியூப்லைட். அதை நடத்துபவர் சுனிதா ஆண்ட்டி.

அங்கே ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு தாள் இருக்கும். படித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும். 'வெண்பனிக் காட்டின் விளக்கு' நாவலின் தாள்தான் எழுதி எழுதி நிரம்பியிருந்தது. பழைய ரஷ்யக் கதையொன்றைப் புதிதாகச் சொல்லும் நாவல் அது. கோழிக்கால் மேல் நிற்கும் வீடு, உள்ளே ஒரு சூனியக்காரி, அவளிடம் வேலைக்கு மாட்டிக்கொண்ட சிறுமி, சிறுமியின் பையில் பேசும் பொம்மை. பயத்துக்குக் கேட்கவா வேண்டும்?

'சூனியக்காரி அடுப்புக்குள் விழும் இடம் சூப்பர்' என்று தாரணியின் நண்பன் அஷ்வின் எழுதியிருந்தான். 'பொம்மை கடைசியில் பேசாமல் போய்விடும். அழுதுவிட்டேன்' என்று தாரணி எழுதியிருந்தாள்.

வியாழக்கிழமை, அஷ்வினின் கருத்துக்குக் கீழே கோணல் எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'சாகு.'

வெள்ளிக்கிழமை, தாரணியின் கருத்துக்குக் கீழேயும் அதே சொல். இடையில் யாரும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போகவில்லை.

"அந்தச் சூனியக்காரியோட சாபம்" என்றான் அஷ்வின்.

"அப்ப 'சாவு'ன்னுல்ல எழுதணும்?"

"பேய்க்கு யாரு டிக்டேஷன் போட்டாங்க?"

விஷயம் சுனிதா ஆண்ட்டி காதுக்குப் போனது. "யாரோ விளையாடுறாங்க. இந்தப் புக்கே வேணாம். நாளைக்குச் சாயங்காலம் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடறேன்" என்றார்.

சனிக்கிழமை மதியம். கரண்ட் இல்லை. கடைசியாக ஒருமுறை அந்தத் தாளைப் பார்த்துவிடலாம் என்று தாரணி தனியாகப் படியிறங்கினாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அறைக்குள் இருட்டு. புத்தகம் அலமாரியில் இல்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து தணிந்த குரல் ஒன்று கேட்டது.

"க... த... வை... த்... த... ட்... டி... னா... ள்..."

தாரணி ஓடத்தான் நினைத்தாள். கால் நகரவில்லை.

"உ... ள்... ளே... வா..."

அந்தக் குரல் 'வா'வில் திக்கியது. பிறகு மெல்ல இருமியது. சூனியக்காரி இருமுவாளா? தாரணி எட்டிப் பார்த்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார் சந்திரம்மா. தினமும் கட்டடத்தைப் பெருக்குபவர். மடியில் அந்த நாவல் இருந்தது.

"அக்கா, நீங்களா?"

சந்திரம்மா பதறி எழுந்தார். "யாருக்கும் சொல்லாத பாப்பா. வேலை டைம்ல புக்கு ஓதறேன்னு பேசுவாங்க. தமிழ் பேச வரும், எழுத்து இப்பதான் கத்துக்கறேன். இன்னும் நாப்பது பக்கம்தான் இருக்கு."

"அப்ப 'சாகு'ன்னு எழுதினது?"

"ஹௌது, நான்தான். விட்ட பக்கத்துல அடையாளத்துக்கு இந்தத் தாளைத்தான் வெப்பேன். பாத்தா, நீங்க எல்லாம் கதைய முழுசா சொல்லி வெச்சிருக்கீங்க. அதான், சாக்கு, போதும் நிறுத்துங்கன்னு எழுதினேன்."

தாரணிக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கன்னடத்தில் 'சாக்கு' என்றால் போதும். கன்னட எழுத்தில் அதற்கு ஒரே ஒரு 'கு' போதும், தமிழில் 'க்கு' வேண்டும். ஒரு 'க்' விட்டுப்போனதற்கு இரண்டு நாள் நடுக்கம். அதைவிட, பொம்மை பேசாமல் போகும் என்பதைத் தானே சொல்லிக் கெடுத்துவிட்டோமே என்றுதான் அவளுக்கு மனசு வலித்தது.

தாளை வாங்கிக்கொண்டு நேராக மாடியில் சுனிதா ஆண்ட்டி வீட்டுக்கு ஓடினாள்.

"ஆண்ட்டி, அது சாபம் இல்ல. கன்னட 'சாக்கு'. முடிவை எல்லாம் எழுதாதீங்கன்னு படிக்கிறவங்க கேட்டிருக்காங்க. புக்கைப் போட்டுடாதீங்க."

"யாரும்மா எழுதினது?"

"ஒரு வாசகர்."

சுனிதா ஆண்ட்டி ஒரு நிமிடம் தாளையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

அன்றே தாரணி எல்லாப் புத்தகங்களின் தாள்களையும் உறைகளில் போட்டாள். 'முடித்தவர்கள் மட்டும் திறக்கவும்' என்று மேலே எழுதினாள். உறைகளைப் பின்னட்டையில் ஒட்ட அஷ்வின் பசை தடவிக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்து அந்த நாவலின் உறைக்குள் புதிதாக ஒரு கருத்து வந்திருந்தது. பெயர் இல்லை. அஷ்வின் சத்தமாகப் படித்தான்.

'அந்தப் பெண்ணு அத்தனை பெரிய வீட்டை ஒத்தையாப் பெருக்கினா. அவளுக்குக் கை வலிச்சிருக்கும். நீங்க ஒருத்தரும் அத எழுதல.'



"அந்த அத்தியாயத்தை நான் படிக்காம தாண்டிட்டேன்" என்ற அஷ்வின், புத்தகத்தை மறுபடியும் வீட்டுக்கு எடுத்துப் போனான்.