அரக்குப் புடவையில் ஒரு பொய்

"எவன்னு மட்டும் சொல்லுங்க சார். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

குணசுந்தரி உட்கார மறுத்து வக்கீல் தணிகாசலத்தின் முன்னால் நின்றாள். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருந்த சுப்பராயலு, தாயார் பெயரில் ஆண்டுதோறும் ஒரு பெண்ணின் கல்லூரிச் செலவை ஏற்பார். கல்யாணமாகாத பெண்ணாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1981இல் அந்த உதவித்தொகை அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. அவளுக்குக் கல்யாணமாகிவிட்டதாக எவனோ போன் செய்து அதைக் கெடுத்துவிட்டான்.

"ராமதாஸ்தான் சார்! அவன் பொண்ணுதான் அடுத்த இடத்துல இருக்கா" என்று துள்ளினார் குமாஸ்தா குப்புராஜ்.

"அவன் கைய ஒடிக்கணும்" என்றான் துணைக்கு வந்திருந்த தாய்மாமன் ஜெயவேல். "அப்பன் இல்லாத பொண்ணுங்க. நீ அழாத குணா."

அவள் அழவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் அமைதியாகக் கேட்டார். "ஸ்டுடியோ வாசல்ல உன் கல்யாணக்கோலப் படம் இருக்காமே?"

"காலண்டர் விளம்பரத்துக்கு எடுத்தது சார். தாலி கூட கவரிங். மாமாதான் கூட வந்தாரு. எடுத்த கையோட புடவைய பெங்களூருக்கு அனுப்பிட்டாங்க."

சுப்பராயலுவின் கடைக்குப் போகிற வழியில் ஸ்டுடியோ வாசலில் தணிகாசலம் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு வெள்ளையில் மணப்பெண்ணாகச் சிரித்துக்கொண்டிருந்தாள் குணசுந்தரி. ஸ்டுடியோக்காரர் தசரதனையும் அழைத்துக்கொண்டார். ராமதாஸை அழைத்துவரக் குப்புராஜ் ஓடினார்.

கடையில் எல்லோரும் கூடியதும் சுப்பராயலு சொன்னார். "துணிய வெச்சு மூடிப் பேசின மாதிரி குரல். 'குணாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அரக்குப் புடவை, கிளிப்பச்சை பார்டர், கழுத்துல தாலி. நம்பலன்னா ஸ்டுடியோவுல படத்தப் பாருங்க'ன்னான். பாத்தேன். இருந்துச்சு."

குணசுந்தரி ராமதாஸை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அவர் வியர்வையைத் துடைத்தார். "நான் அந்தப் படத்தத் தவிர வேற எதுவும் பாக்கலம்மா."

"உண்மைதான். கறுப்பு வெள்ளைப் படத்துல அரக்கு ஏது, கிளிப்பச்சை ஏது?" என்றார் தணிகாசலம். "பேசினவன் புடவைய நேர்ல பாத்தவன். தசரதன், இந்தப் பொண்ண நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"சுந்தரின்னுதாங்க. ஊரே அப்படித்தான் கூப்பிடும்."

"குணான்னு யாரும்மா கூப்பிடுவாங்க?"

"அம்மா... அப்புறம்..." குணசுந்தரி திரும்பினாள். ஜெயவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மாமா?"

"நாலு பேரு முன்னாடி என்னக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னியே!" அவன் குரல் உடைந்தது. "ஊரே என்னப் பாத்துச் சிரிக்குது. நீ மட்டும் வேலூருல படிச்சிகினு ஜம்முனு இருப்பியா?"

குப்புராஜ் சட்டைக் கையை மடித்தார். தணிகாசலம் அவரைத் தடுத்தார்.

சுப்பராயலு தலைகுனிந்தார். "விசாரிக்காம விட்டது என் தப்பு. பணம் உனக்குத்தாம்மா. ஒரு ஜாமீன்தாரர் மட்டும் வேணும். நீ படிப்ப முடிக்காம கல்யாணம் பண்ணிக்கினா, மொத்தப் பணத்தையும் அவர் திருப்பிக் கட்டணும். இவன என்ன செய்யலாம் சொல்லு. போலீசுக்குப் போலாமா?"

குணசுந்தரி மாமனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குள் எரிந்துகொண்டிருந்தது இப்போது குளிர்ந்து கெட்டிப்பட்டது.

"வேணாங்க. ஜாமீன் கையெழுத்து மாமாவே போடட்டும்" என்றாள். "இனிமே எனக்குக் கல்யாணம் ஆவாம இவரே காவல் காக்கட்டும்."